பிள்ளை பணத்தில் பேரம்

வேலூர்

அன்புள்ள தேனு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. யாழினி ஒன்பதாவது, என்னைவிட உயரமாகிவிட்டாள். மண்டித் தெருவில் கணக்கு மிஸ்ஸைப் பார்த்தேன். எடுத்ததும் உன்னைத்தான் கேட்டார், அந்தக் காம்பஸ் பாக்ஸ் விவகாரத்தை இன்னும் மறக்கவில்லை. நீ இந்தப் பக்கம் வந்தால் முகத்தை மூடிக்கொண்டு வா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாழினி அப்பா பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்.

2022-ல் வந்த கோர்ட் உத்தரவு உனக்குத் தெரியும், அவளுக்கு ஜீவனாம்சம் மாதம் 12,000. ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். தீபாவளி முடிந்த கையோடு அவர் அக்கா போன் செய்தார். "ஆம்பூர்ல வேலையே இல்லம்மா, ஆறாயிரம் வாங்கிக்கோ. ஒத்தப் பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு?" என்றார். கேட்க வேண்டியவர் வாய் திறந்து கேட்கட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நீயாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பாய்.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். கையில் சம்பளச் சீட்டுகள். ஆகஸ்டுக்கு முன்னால் ஓவர்டைம் என்ற கட்டத்தில் நாலாயிரம், ஐயாயிரம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வெறும் கோடு. அடிப்படைச் சம்பளத்திலும் பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்தம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஷூ ஆர்டர் என்ன ஆனது என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை, எங்கும் இதே பேச்சுத்தான். அவர் பொய் சொல்லவில்லை, தேனு. அது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

ஆனால் அதே சீட்டில் பைக் தவணைப் பிடித்தமும் இருந்தது. அதைத்தான் கேட்டேன். "பைக்குக்குக் கட்டுறது ஒரு ரூபா குறையல. பிள்ளைக்குக் கட்டுறதுதான் பாதி ஆகணுமா?" பதில் இல்லை. நான் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன். பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், கண்ணாடி மாற்றியது, மாதாமாதம் வாங்கும் நாப்கின் வரை அதில் இருக்கிறது. மனுஷன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"நமக்குள்ள வாய்ப்பேச்சா வெச்சுக்கலாமே, எதுக்குக் கோர்ட்டு" என்றார். அதற்கு மட்டும் நான் இறங்கவே இல்லை. வக்கீலம்மா தெளிவாகச் சொன்னார்: உத்தரவை மாற்ற நீதிமன்றத்தால்தான் முடியும், அதுவரை குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பாக்கியாக ஏறும், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் அது அவர் தலையில்தான் விடியும். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 146. 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். என் சம்பளத்தையும் காட்டத் தயார் என்றேன். அப்புறம்தான் அவர் தெம்பாக உட்கார்ந்து பேசினார்.

இதற்கிடையில் நடந்ததுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. நாங்கள் பேசியதை யாழினி உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது, "டியூஷன் வேணாம்மா, நானே படிச்சுக்குவேன்" என்றாள். சாதாரணமாக, மோர் ஊற்றச் சொல்வது போல. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு குழந்தை தன் செலவைத் தானே குறைத்துக்கொள்ள முன்வருகிறது என்றால் இரண்டு பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம்? அந்தப் பணம் எனக்கு வருவதில்லை, அவளுடையது. என் கணக்கில் விழுகிறது, அவ்வளவுதான். என் பணமாக இருந்தால் அவர் கஷ்டத்தைப் பார்த்துப் பாதியை விட்டிருப்பேன். அவளுடையதை விட்டுக்கொடுக்க நான் யார்?

மறுநாளே அவருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டியூஷன நிறுத்தாத, அத நான் தனியா கட்டறேன்" என்றார். பைக்கை விற்கப் போகிறாராம், பஸ்ஸில் போய்க்கொள்வாராம். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை நான் மதிக்கிறேன், நீ என்ன சொன்னாலும்.

கடைசியில் மே வரை 9,000, ஜூனில் பள்ளி திறக்கும்போது பழையபடி 12,000. டியூஷன் காசை அவர் நேரே கட்டுவார். இரண்டு பேரும் கூட்டு மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று, சத்துவாச்சாரி கோர்ட்டில் வாய்தா அடுத்த மாதம்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். உன் மாமனாரிடம் கேட்டு எழுது. இத்தனை வருஷம் கோர்ட் சிரஸ்தாராக இருந்தவர், எங்கே சறுக்கும் என்று அவருக்குத் தெரியும். "ஜூன் முதல் பழைய தொகை தானாகவே அமலுக்கு வரும்" என்று மனுவில் ஒரு வரி இருக்கிறது. உத்தரவிலும் அதே வரி அப்படியே வர வேண்டும் என்று அன்றைக்கு நாங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டுமா? வாய்தாவுக்குள் பதில் வேண்டும், சோம்பேறி, போனிலாவது சொல்.

அன்புடன்,
மல்லி