மாத்திரை அப்புறம், மொதல்ல காது டெஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல, கேன்சருக்கு கீமோ எடுக்கிறப்போ காது கெட்டுப்போகாம இருக்க விட்டமின் ஈ, விட்டமின் சி, செலினியம் மாத்திரை எடுத்துக்கலாம்னு ஒரு பெட்டிச்செய்தி போட்டிருந்தீங்க. இந்த விஷயத்தை எடுத்ததுக்கே நன்றி சொல்லணும், முடி கொட்டும் வாந்தி வரும்னு சொல்ற அளவுக்கு காது போகும்னு யாரும் சொல்றதில்ல. ஆனா அதைப் படிச்சிட்டு யாராச்சும் நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் பாட்டிலோட நிப்பாங்களேன்னுதான் எழுதுறேன்.

எல்லா கீமோவும் காதைத் தொடாது. முக்கியமான ஆள் சிஸ்பிளாட்டின், 1978ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச பழைய மருந்து, இன்னிக்கும் விட முடியல, அவ்ளோ நல்லா வேலை செய்யுது. அது உள்காதுல காக்ளியாங்கிற நத்தை ஓடு மாதிரி பகுதிக்குள்ள போய் உக்காந்தா லேசுல கிளம்பாது, மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்கா அங்கயே கிடக்குதுன்னு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அங்க ஃப்ரீ ரேடிக்கல்னு செல்லை அரிக்கிற துகள் கிளம்பி சத்தத்தைப் பிடிக்கிற முடி செல்களைச் சாகடிச்சிடும், செத்தது மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. அதனால அந்தத் துகளை அடக்குற ஆன்ட்டிஆக்சிடன்ட், நீங்க சொன்ன மூணும் அந்த வகைதான், குடுத்தா என்னங்கிற யோசனையில தப்பே இல்ல. ஆனா முழுங்கின மாத்திரைக்கு காது எது, கட்டி எதுன்னு தெரியாதே! காதைக் காப்பாத்துறேன்னு கட்டியையும் சேர்த்துக் காப்பாத்திட்டா?

நீங்க சொன்ன அதே மூணையும் சிஸ்பிளாட்டின் எடுக்கிறவங்களுக்குக் குடுத்துப் பார்த்த ட்ரையல் 2004லயே வந்திருக்கு. குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் காதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ரத்தத்துல அந்த சத்து நல்லா ஏறினவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பரவால்லன்னு அதுல ஒரு வரி வரும், அதை வச்சுதான் இந்தப் பேச்சே சுத்துதோ என்னவோ.

காதைக் காப்பாத்தும்னு உருப்படியா நிரூபிச்சது சோடியம் தயோசல்ஃபேட்ங்கிற மருந்து. இது கடையில வாங்கி முழுங்குற மாத்திரை இல்ல, நரம்புல ஏத்துறது, அதுவும் சிஸ்பிளாட்டின் முடிஞ்சு 6 மணி நேரம் கழிச்சுதான், முன்னாடியே போட்டா கீமோவையே மடக்கிடும்னு பயம். ஈரல் கட்டி இருந்த குழந்தைங்ககிட்ட செஞ்ச ட்ரையல் 2018ல வந்துச்சு, மருந்து இல்லாம 63 சதவீதம் பேருக்குக் காது பாதிச்ச இடத்துல, மருந்தோட 33 சதவீதம். 2022ல அமெரிக்காவுல அனுமதியும் குடுத்துட்டாங்க, ஆனா குழந்தைங்களுக்கு மட்டும், அதுலயும் கட்டி பரவாம ஒரே இடத்துல இருந்தா மட்டும். ஏன் இந்தக் கண்டிஷன்னா, இன்னொரு ட்ரையல்ல, நோய் பரவின குழந்தைங்கள்ல இந்த மருந்து வாங்கினவங்க பிழைச்ச கணக்கு குறைவா இருந்துச்சு. நேரம் பார்த்து, ஆள் பார்த்து டாக்டர் குடுக்கிறதுலயே இவ்ளோ யோசனை, அப்புறம் எப்படிங்க நாமளா மாத்திரை போட்டுக்கிறது?

நம்ம கையில இருக்கிறது டெஸ்ட்தான், உங்க செய்தியில அது ஒரு வரி கூட இல்ல. மொத கீமோவுக்கு முன்னாடியே ஒரு ஆடியோகிராம், அதான் எந்தச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட், எடுத்து வச்சிக்கணும், அப்பதான் பின்னாடி எடுக்கிறதை எதோட ஒப்பிடறதுன்னு தெரியும். சிஸ்பிளாட்டின் மொதல்ல கீச்சு சத்தத்தைத்தான் தின்னும், பேசறது நல்லாவே கேக்கும், அதனால ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. எங்க அக்காவுக்கு அப்படித்தான், காய்ச்சல் இருக்கான்னு டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குள்ல வச்சிட்டு உக்காந்தே இருப்பாங்க, அது பீப் பீப்னு அடிச்சு ஓஞ்சிருக்கும், "இன்னும் அடிக்கலையேடா"ம்பாங்க. ராத்திரி காதுல கொய்ங்னு சத்தம் வருதுன்னு சொன்னப்போ டயர்டுனு விட்டுட்டாங்க வார்டுல. சின்னக் குழந்தையா இருந்தா இன்னும் மோசம், ஸ, ஷ மாதிரி சத்தம் சரியா விழலைன்னா பேச்சு வர்றதே தடுமாறும், ஸ்கூல்ல கவனிக்கலைன்னு திட்டு வேற விழும்.

இன்னொண்ணு, ஜென்டமைசின், அமிகாசின் மாதிரி ஆன்ட்டிபயாட்டிக் ஊசியும் காதைக் கெடுக்கிற வகைதான், கீமோ நடுவுல இன்ஃபெக்‌ஷன் வந்து இதுவும் சேர்ந்தா ரெட்டை அடி. தவிர்க்க முடியாமப் போகலாம், ஆனா கேட்டுடலாமில்ல. காதுல சத்தம்னா அன்னிக்கே சொல்லிடணும், டோஸை மாத்துறதா வேற மருந்துக்குப் போறதான்னு டாக்டர் யோசிக்க டைம் கிடைக்கும். அதுக்குன்னு பயந்துபோய் கீமோவை நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு.

அடுத்த இதழ்ல அந்தப் பெட்டிச்செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்க சார், எந்த சப்ளிமென்ட்டா இருந்தாலும் பாட்டிலைக் கையோட கொண்டுபோய் கீமோ டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் தொடணும்னு, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல.

இப்படிக்கு,
ஒரு வாசகன்