புதுச்சேரி தமிழர் பகுதியின் பழைய வீடுகளைக் காக்க உதவி கோரும் மனு

அனுப்புநர்:
தமிழர் பகுதி மரபு வீடுகளுக்காகப் பணியாற்றும் தன்னார்வலர்கள் மற்றும் வீட்டு உரிமையாளர்கள்,
புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலர் அவர்கள்,
தலைமைச் செயலகம்,
புதுச்சேரி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: தமிழர் பகுதியில் மரபு வீடுகளை இடிக்க அனுமதி தரும் முன் நேரில் ஆய்வு செய்யவும், சாலை மட்டம் மேலும் உயராமல் தடுக்கவும், பழுதுபார்க்கும் உரிமையாளர்களுக்கு உதவவும் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். பழைய நகரைச் சுற்றிவரும் புல்வார் எனும் நான்கு அகலச் சாலைகளுக்குள், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில் குடியிருப்பவர்களும், அங்குள்ள பழைய வீடுகளைக் காப்பாற்ற விடுமுறை நாட்களில் கூடி வேலை செய்பவர்களும் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். எங்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டிடக்கலை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், ரங்கப்பிள்ளை வீதியில் கடை வைத்திருப்பவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். எங்களால் ஆன வேலையை யாரையும் எதிர்பார்க்காமல் செய்து வருகிறோம். ஆனால் எங்கள் கை எட்டாத காரியங்கள் சில உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையிடம் இருக்கின்றன. எல்லாத் துறைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசக்கூடியவர் தாங்கள் என்பதால் தங்களிடம் வந்திருக்கிறோம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையையும் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் நம்முடைய வீடுகள் தெரியும். தெருவை ஒட்டி மரக்கம்பங்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்காகவே போட்டது. அதற்குள் திண்ணை, திண்ணையைத் தாண்டினால் செதுக்கு வேலை செய்த தேக்கு வாசக்கால், உள்ளே முற்றம். மாடிக்குப் போனால் வளைவு சன்னல்களும் சுண்ணாம்பில் இழைத்த பூவேலையுமாக பிரெஞ்சு பாணி. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று இப்படிக் கலந்து கட்டியதை வேறு ஊர்களில் காண்பது அரிது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும்) இருந்து, 1736 முதல் 1761 வரையான காலத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது 1738-ல் கட்டப்பட்டது என்பார்கள். 1908-ல் இங்கு வந்த பாரதியார் பத்து ஆண்டுகள் நடந்ததும் இந்த வீதிகளில்தான். ஈஸ்வரன் கோயில் வீதியில் அவர் வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசனின் வீடும் நினைவில்லங்களாக நிற்கின்றன. பிரபலமானவர்களின் வீடுகளை அரசு காத்து வருகிறது, அதற்கு நன்றி. அவர்கள் காலத்தில் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் குடியிருந்தவர்களின் வீடுகளுக்காகத்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம். அவை போய்விட்டால் நினைவில்லங்கள் கான்கிரீட் கட்டிடங்களுக்கு நடுவே தனியாக நிற்கும்.

இந்த வீதிகளை மீட்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நாங்கள் வைசியாள் வீதியைத்தான் காட்டுகிறோம். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு, புதுச்சேரி அரசும் மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பும் இணைந்து, கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் அழைக்கப்படும் அந்த வீதியின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. பின்னால் வந்த ஒட்டுக் கட்டுமானங்களை நீக்கி, தாழ்வாரங்களையும் முகப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2008-ல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அதே 2008-ல்தான் சூலியா வீதியும் லிட்டில் இந்தியாவும் உள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுன், உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அதன் பிறகு வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பழுதுபார்ப்பு மானியம் கொடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். நம் ஊரில் வைசியாள் வீதியோடு அந்த வேகம் நின்றுபோனது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

வீடுகள் ஏன் போகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். உரிமையாளர்களுக்குத் தங்கள் வீட்டின் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள் இருப்பார்கள். இரண்டு பேர் இங்கே, மற்றவர்கள் பிரான்சில். பத்திரம் பிரெஞ்சு காலத்தது. பாகப்பிரிவினை முடியாது, முடியாததால் வங்கிக் கடன் கிடைக்காது, கடன் கிடைக்காததால் ஒழுகும் கூரையைச் சரி செய்ய முடியாது. பத்து வருடம் ஒழுகினால் தேக்கு உத்திரமும் இற்றுவிடும். அப்புறம் 'ஆபத்தான கட்டிடம்' என்று நோட்டீஸ். வீடு இடிந்த மறுவாரம் கம்பங்களும் கதவுகளும் பழைய மரச்சாமான் கடைக்குப் போய்விடும்.

வீடு பழுதடைவதற்கு உரிமையாளரின் வறுமையைவிடவும் பெரிய காரணமாக நாங்கள் பார்ப்பது சாலை மட்டம். ஐயா இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலேயே புதுத் தார் போடுவது பல வருடமாக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் தெரு கொஞ்சம் ஏறுகிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்களோடு வேலை செய்யும் மூதாட்டி ஒருவரின் வீட்டில், அவர் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும். இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது, மற்ற இரண்டும் தாருக்குள். மரக்கம்பத்தின் அடியில் இருந்த கல் பீடம் மூடிப்போய், கம்பத்தின் கால் நேராக ஈரத்தில் நிற்கிறது. கையால் அழுத்தினாலே மரம் உதிர்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது தங்களுக்கு நினைவிருக்கும். அன்று தெருத் தண்ணீர் அந்த வீட்டின் வாசலைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கியது. முற்றத்துத் தண்ணீரை வெளியே விடும் தூம்பு தெருவைவிடத் தாழ்ந்து போனதால், வந்த தண்ணீர் போக வழியில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறிய ஈரம் மாதக்கணக்கில் காயவில்லை.

எந்தத் துறையையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மரபு வீடுகள் உள்ள வீதிகளில் இனி சாலை போடும்போது பழைய தளத்தை மில்லிங் செய்து எடுத்துவிட்டே புதியது போட வேண்டும் என்று ஒரே ஒரு உத்தரவு வேண்டும். முடிந்த இடங்களில் பழைய மட்டத்துக்கே இறக்க வேண்டும். வடிகால் வேலையும் கேபிள் பள்ளமும் அதே சமயத்தில் முடிந்துவிட்டால் இன்னும் நல்லது. இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது. டெண்டர் நிபந்தனையில் சேர்த்து, வேலை நடக்கும்போது அளந்து பார்த்தால் போதும்.

அடுத்தது இடிப்பு அனுமதி. எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். இன்டாக் அமைப்பு 1990-களிலேயே இந்த ஊரின் மரபுக் கட்டிடங்களைக் கணக்கெடுத்தது. அந்தப் பட்டியலில் இருந்த எத்தனையோ வீடுகள் இன்று இல்லை. ஒரு வீடு இடிகிறது என்பது எங்களுக்குத் தெரிய வருவதே தகரம் வைத்து மறைத்த பிறகுதான். ஆகவே தமிழர் பகுதியில் மரபு வகைக் கட்டிடம் எதற்கும் இடிப்பு அனுமதி தரும் முன், மரபுக் கட்டிடம் அறிந்த ஒருவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். உரிமையாளருடன் பேசி மாற்று வழி பார்க்க முப்பது நாள் அவகாசம் இருக்க வேண்டும். 'ஆபத்தான கட்டிடம்' என்று முடிவு செய்வதற்கும் இதே முறை வேண்டும். சுண்ணாம்புச் சுவரையும் மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டுக் கூரையையும் கான்கிரீட் கட்டிடத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் எல்லாமே ஆபத்தானதாகத்தான் தெரியும். நாலு உத்திரத்தை மாற்றினால் இன்னும் ஐம்பது வருடம் நிற்கக்கூடிய வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதை, பிரெஞ்சு காலத்து நகர மன்றமான மேரி கட்டிடத்தில் ஊரே பார்த்தது. சீரமைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது சரிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் மறுபடியும் எழுப்பி, 2021-ல்தான் திறக்க முடிந்தது. அரசுக் கட்டிடத்துக்கு உலக வங்கி வந்தது. செட்டித் தெருவில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீடு விழுந்தால் அதை மறுபடி யார் கட்டுவார்கள்?

வீட்டைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டு, செலவை முழுக்க உரிமையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாட்டின் முதல் மரபு விதிமுறைகளை 1995-ல் கொண்டுவந்த மும்பையில், மரபுக் கட்டிடத்தின் மேல் கட்டாமல் விட்டுக்கொடுக்கும் தளப்பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமையாளருக்கு வழி இருக்கிறது. புல்வாருக்கு வெளியே வளரும் பகுதிகளோடு சேர்த்து அப்படி ஒன்றை இங்கும் யோசிக்கலாம். அது நாளாகும் என்றால், இப்போதைக்கு வீட்டு வரியில் சலுகையும், கூரைக்கும் தாழ்வாரத்துக்கும் மட்டுமாவது ஒரு சிறு மானியமும் கொடுத்தால் பலருக்கும் மூச்சு விட்டது போல் இருக்கும். பங்காளிகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்குப் பத்திரச் சிக்கலில் வழிகாட்ட, வாரத்தில் ஒரு நாள் ஓர் உதவி மையம் நடந்தால் எவ்வளவோ வீடுகள் தப்பிக்கும்.

பணம் இருந்தாலும் ஆள் இல்லை என்பது இன்னொரு கஷ்டம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. எங்கள் வேலை நாட்களில் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்துவந்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறோம். நீற்றிய சுண்ணாம்பை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்துப் பதம் பார்ப்பார். கரண்டியைக் கலவையில் முக்கி எடுத்து, அது வழுக்கிக்கொண்டு இறங்கும் விதத்தைப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அவசரத்துக்கு சிமென்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற முடியாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. அதை உரித்துவிட்டு அவர் கையால் சுண்ணாம்பு பூசிய சுவர் ஒரு மழைக்காலம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. இந்த வேலையை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சியாகவாவது தொடங்கி, மூத்த கொத்தனார்களையே பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டுகிறோம். அவர்களிடம் சான்றிதழ் கேட்டு நின்றுவிடக் கூடாது என்பதையும் பணிவோடு சொல்கிறோம்.

இங்கே வியாபாரம் நடப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பெரிய மார்க்கெட்டும் காந்தி வீதியின் ஞாயிறு சந்தையும் இல்லாமல் இந்தப் பகுதிக்கு உயிர் ஏது? பழைய வீடுகளில் கடையோ சிறு தங்கும் விடுதியோ வைத்துப் பிழைத்தால்தான் வீடும் நிற்கும். முகப்பை மறைக்கும் பிளெக்ஸ் பலகைகளைக் கழற்றி, பெயர்ப் பலகையைத் தாழ்வாரத்துக்குள் வைக்கும்படி நாங்களே கடை கடையாகப் பேசி வருகிறோம், பலரும் மனமுவந்து கேட்கிறார்கள். பலகையின் அளவுக்கு ஒரு விதி இருந்து, எல்லாருக்கும் ஒன்றுபோல் அமலானால் மற்றவர்களும் கேட்பார்கள்.

இந்த வேலையில் எங்கள் பங்காக, வீதி வீதியாக எடுத்து வைத்திருக்கும் படங்களையும் அளவுகளையும் அரசுக்கு இலவசமாகத் தருகிறோம். இன்டாக் பட்டியலை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் புதுப்பிக்க எங்கள் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாட்களில் கூடவே வந்து வீட்டுக்காரர்களிடம் பேசவும், மானிய விண்ணப்பத்தை முதியவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கவும், உதவி மையத்தில் உட்காரவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நகராட்சி, பொதுப்பணி, நகர அமைப்பு, மின்துறை, சுற்றுலா, கலை பண்பாட்டுத் துறை அதிகாரிகளோடு ஒரு கூட்டத்தை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாங்களே கூட்டி, எங்கள் சார்பில் சிலர் அதில் கலந்துகொள்ள அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை தமிழர் பகுதியில் புதிய இடிப்பு அனுமதிகளை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறோம். கூட்டத்துக்கு முன் தங்களுக்கு ஒரு காலை நேரம் ஒதுங்குமானால், ஈஸ்வரன் கோயில் வீதியில் தொடங்கி வைசியாள் வீதி வரை தங்களோடு நடந்து, மேலே சொன்ன படிகளையும் கம்பங்களையும் நேரிலேயே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழர் பகுதி தன்னார்வலர்கள் மற்றும் வீட்டு உரிமையாளர்கள்

இடம்: புதுச்சேரி

இணைப்பு: வீதிவாரியான புகைப்படத் தொகுப்பு, திண்ணைப் படிகளின் அளவுக் குறிப்பு, குடியிருப்போரின் கையொப்பத் தாள்கள்.