காற்றாலைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் காற்றாலையின் இறக்கைகள் மறுபடி சுற்றுகின்றன. மாடியில் கல் அரைக்கிறது, கீழே சாக்கில் மாவு விழுகிறது. 18 மாதத்தில் முடித்துவிடுவோம் என்று பொதுக்குழுவில் சொன்னோம். மூன்று வருடம் ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள், எதை மாற்றினோம், எதைத் தொடாமல் விட்டோம், எங்கே தப்புச் செய்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். கோபுரச் சுவர் ஈரம் கோத்ததற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முந்தைய பழுதுபார்ப்பில் வெளிப்புறம் முழுக்கச் சிமெண்ட் பூசி, அதன்மேல் தாரும் அடித்தோம். அந்த வேலைக்கு ஒப்புதல் கொடுத்த தீர்மானத்தில் இப்போதைய குழுவினர் இரண்டு பேரின் கையெழுத்து இருக்கிறது. இந்த அறிக்கையை எழுதுகிறவன் அவர்களில் ஒருவன். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை வெளியே விடாது. மயிரிழை விரிசல் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் புதைந்திருந்த உத்திரங்களின் முனைகளில் போய்த் தங்கிவிட்டது. பூச்சை உரித்துப் பார்த்தபோது முதல் மாடியின் இரண்டு உத்திர முனைகளில் விரலை நுழைக்க முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் புதிதுபோல இருந்தது.

சிமெண்டை எந்திரம் வைத்து உடைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். அதனால் உளியும் சுத்தியலும்தான். அதற்கே ஏழு மாதம் போய்விட்டது. பிறகு சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். மெல்லிய பூச்சாக ஒன்று, ஈரச்சாக்கு போர்த்திக் காத்திருப்பு, அப்புறம் அடுத்தது. “வேலை நடக்கிறதா, இல்லையா?” என்று பலர் கேட்டீர்கள். நடந்துகொண்டுதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆலையின் வரலாற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொப்பியைக் கழற்றிக் கீழே இறக்கியபோது அதன் மரங்களே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. காற்றாலைக்குத் தொப்பி என்றால் கோபுரத்தின் தலையில் திரும்பக்கூடிய கூரை. இறக்கைகளும் அவற்றின் தண்டும் அதில்தான் இருக்கின்றன. நம் தொப்பியின் பின் உத்திரத்தில் அகலமான ஒரு பழைய துளை, அடைத்து வண்ணம் பூசிய நிலையில் அகப்பட்டது. நீண்ட வால்கட்டை ஒன்றைக் கோக்கும் துளை அது. ஆக, ஆரம்பத்தில் காற்று திசை மாறும்போதெல்லாம் ஆலைக்காரர் இறங்கி வந்து, வால்கட்டையைப் பிடித்துத் தள்ளித்தான் தொப்பியைத் திருப்பியிருக்கிறார். இப்போது பின்னால் இருக்கும் சிறு விசிறி பிற்பாடு வந்தது. இங்கிலாந்தின் எட்மண்ட் லீ 1745இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. காற்று பக்கவாட்டில் அடித்தால் விசிறி சுற்றும்; பல்சக்கரங்கள் வழியாகத் தொப்பி மெல்ல மெல்லக் காற்றுக்கு நேராகத் திரும்பும். விசிறி பல நூறு தடவை சுற்றினால்தான் தொப்பி ஒரு முழுச் சுற்று வரும்.

இறக்கைகளும் அப்படித்தான். பழைய வகை இறக்கையில் துணிப்பாயைக் கையால் விரிக்க வேண்டும், காற்று கூடினால் ஆலையை நிறுத்திச் சுருட்ட வேண்டும். நம்முடையதில் இருப்பவை ஜன்னல் தட்டிபோலத் திறந்து மூடும் பலகைச் சிறகுகள். 1772இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஆண்ட்ரூ மெய்க்கிள் சிறகுகளை வில்லோடு (ஸ்பிரிங்) பொருத்தினார். 1807இல் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் கியூபிட் அவற்றையெல்லாம் தண்டின் நடுத்துளை வழியாகச் செல்லும் ஒரே கம்பியில் இணைத்துவிட்டார். பின்னால் தொங்கும் சங்கிலியில் எடையைக் கூட்டினால் சிறகு மூடும், குறைத்தால் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே! தண்டு வார்ப்பிரும்பில் இருப்பதும் அந்தக் காலத்து மாற்றம். மரத்தண்டுக்குப் பதில் வார்ப்பிரும்பைக் கொண்டுவந்தவர்களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் முக்கியமானவர். இறக்கையை எந்த அளவு முறுக்கினால் காற்றின் பலம் நன்றாகக் கிடைக்கும் என்று மாதிரிகள் செய்து அளந்து, 1759இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தவரும் அவரே. புது இறக்கைகளைச் செய்த தச்சர்கள் அடிப்பக்கம் அதிகச் சாய்வும் நுனிப்பக்கம் குறைந்த சாய்வுமாக முறுக்கிச் செய்ததற்கு அதுதான் காரணம். பார்க்கக் கோணலாக இருக்கிறது என்று புகார் கடிதம் எழுதிய உறுப்பினருக்கு இதுவே பதில்.

பெரிய சண்டை இறக்கைகளின் முதுகெலும்பு மரத்தைப் பற்றித்தான். இந்த மரம் தண்டின் தலையிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். பெட்டிக்குள் மழைநீர் தங்கி, வெளியே தெரியாமல் அங்கேதான் மரம் உளுத்துப்போகும். நம்முடைய இரண்டும் அப்படியே போயிருந்தன. எஃகில் செய்தால் உளுக்காது, நெதர்லாந்தில் பல ஆலைகளில் எஃகுதான் என்று ஒரு தரப்பு. மர ஆலைக்கு மரம்தான் என்று மறுதரப்பு. மரம் என்று முடிவாயிற்று. ஆனால் கணு இல்லாமல், முறுக்கு இல்லாமல், அவ்வளவு நீளத்தில் ஒரே மரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வந்த இரண்டைத் திருப்பி அனுப்பினோம். கடைசியில் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த மரத்துக்கு ஒத்துக்கொண்டோம். சிலருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. எங்களுக்கும் முழுத் திருப்தி என்று சொல்லமாட்டோம். ஆனால் வலுவில் குறையில்லை.

பல்சக்கரங்களில் ஆச்சரியமாகப் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. இரும்புப் பல்லும் மரப்பல்லும் கடித்து ஓடும்படி செய்திருக்கிறார்கள். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும், மாவுத்தூள் தீப்பிடிக்கக்கூடியது. திடீரென்று எங்காவது இறுகிக்கொண்டால் மரப்பல் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். ஒடிந்திருந்த 14 பற்களை மட்டும் மாற்றினோம். ஒரு சக்கரத்தில் ஒரு பல் கூடுதலாக இருக்கிறது, எண்ணியதில் தப்பு என்று நினைத்தோம். தப்பில்லை. அதே இரண்டு பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் சந்தித்தால் ஓரிடம் மட்டும் தேயும். ஒன்று கூடுதலாக இருந்தால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்துபோகும்.

அரைக்கும் கற்கள் பிரெஞ்சுப் படிகக்கல். சிறு துண்டுகளைப் பொருத்திச் சாந்தால் ஒட்டி, சுற்றிலும் இரும்புப் பட்டை காய்ச்சி இறுக்கியவை. அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும். இறக்கை நிமிடத்துக்கு 15 தடவை சுற்றினால் கல் 100 தடவைக்கு மேல் சுற்றும். கல்லின் முகத்தில் வாய்க்கால்போல வெட்டிய பள்ளங்கள் மழுங்கியிருந்தன. கல் கொத்தத் தெரிந்த ஒரு முதியவர் வந்து எங்களில் மூவருக்குக் கற்றுக்கொடுத்தார். மட்டக்கட்டையில் காவி தடவிக் கல்மேல் தேய்த்தால் மேடான இடத்தில் சிவப்புப் படியும், அங்கே கொத்த வேண்டும். உளியிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்குகள் கைத்தோலில் புதைந்து கருநீலப் புள்ளியாக நின்றுவிடும். அவர் கையைப் பார்த்தாலே அனுபவம் தெரிந்தது. எங்கள் கைகளில் இப்போதைக்கு ஏழெட்டுப் புள்ளி.

சோதனை ஓட்டத்தில் ஆலை ஒரு பயம் காட்டியது. காற்று சற்றே வலுத்ததும் பதற்றத்தில் சிறகுகளைத் திறக்காமல் நேராகத் தடுப்பை (பிரேக்கை) போட்டுவிட்டோம். புதுத் தடுப்புக் கட்டைகள் இன்னும் சக்கரத்தோடு படியவில்லை. புகை கிளம்பியது. உரசல் சூட்டில் எரிந்துபோன ஆலைகள் எத்தனையோ உண்டு என்பதால் வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது, பயன்படுத்த நேரவில்லை. முதலில் சிறகு, பிறகு தடுப்பு என்று இப்போது சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். இன்னொன்று: இறக்கைகள் நிற்கும்போதெல்லாம் அதே ஒன்று கீழே வந்து நின்றது. அது மற்றவற்றைவிடக் கனம். எதிரில் உள்ளதில் ஈயம் சேர்த்துச் சரிசெய்தோம்.

கணக்கு: செலவில் பாதிக்கும் சற்று அதிகமாகச் சுவருக்கே போயிருக்கிறது. முன்பு சிமெண்ட் பூசாமல் இருந்திருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். அடுத்தது மரவேலை, அப்புறம் சாரம் கட்டியது. தணிக்கை முடிந்த வரவு செலவு விவரமும் ரசீதுகளும் தரைத்தளத்து அலமாரியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி வாரத்துக்கு இரண்டு நாளாவது ஆலையை ஓட்டியாக வேண்டும். நிறுத்தியே வைத்தால் கனம் எப்போதும் ஒரே இடத்தில் அழுந்தும், நீரும் ஒரே மூலையில் தங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் விசிறி வேலை செய்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து காற்று அடித்தால் தடுப்பு தாங்காது, தொப்பியையே பிடுங்கிவிடும். ஆறு பேர் பழகியிருக்கிறோம், இன்னும் நாலு பேர் வேண்டும். மேல் ஏணி செங்குத்து, முழங்கால் சரியாக இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். அடைத்து வைத்திருந்த அந்த வால்கட்டைத் துளையை இந்த முறை மூடவில்லை. தொப்பிக்குள் ஏறினால் வலப்பக்கம் தெரியும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காகச் செயலாளர்