பதினோராவது ஆளாகச் சேரும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"ஆறே மாசத்துல நான் இல்லாம அங்க எதுவும் ஓடாது, பாரும்மா" என்று போனில் சொன்னாய். நீ பெருமையாகச் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒருவர் இல்லாமல் எதுவும் ஓடாது என்றால், அங்கே எதையோ எழுதிவைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒருவரால் லீவு எடுக்க முடியாது, புதுசாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள நகர முடியாது, காய்ச்சல் என்று படுக்கவும் முடியாது. நீ அந்த ஆளாக ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே.

பத்துப் பேர் இருக்கும்போது இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 45 வழிகள் உண்டு. நீ சேர்ந்ததும் 55. கூடுகிற பத்தும் உன்னிடமிருந்து கிளம்புகிறவை. பெரிய கம்பெனியில் மேனேஜர், டீம், படிவம் என்று இதை அடைத்துச் சுருக்கிவைத்திருப்பார்கள். உன் இடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். எதை யாரிடம் கேட்பது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அந்த வடிவத்தில்தான் அவர்கள் செய்யும் சிஸ்டமும் அமையும் என்று கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். பத்துப் பேர் கம்பெனியில் இது அப்படியே கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாட்யூல்கள் (சாஃப்ட்வேரின் தனித்தனிப் பகுதிகள்) ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றால், எழுதிய இருவருக்கும் பேச்சுவார்த்தை எப்படி என்று பார்.

முதல் நாள் லேப்டாப் கைக்கு வந்ததும் ரீட்மீயை (சாஃப்ட்வேரை ஓட்டுவது எப்படி என்று சொல்லும் ஃபைலை) திறந்து அதில் இருப்பதை மட்டும் வரிசையாகச் செய். ஏழாவது வரியிலோ எட்டாவது வரியிலோ நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் "அது பழசு, இந்தக் கமாண்டைப் போடு" என்பார். போடு. போட்ட கையோடு ரீட்மீயையும் திருத்து. அநேகமாக விடுபட்டிருப்பவை மூன்று: எந்த வெர்ஷன் வேண்டும் என்பது, செட்டிங்குகள் இருக்கும் என்விரான்மென்ட் ஃபைலில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு மதிப்பு, சோதனை டேட்டாபேஸில் முன்கூட்டியே போட வேண்டிய டேட்டா. எது இல்லை என்பது புதிதாக வந்தவருக்குத்தான் தெரியும். மூன்றாவது வாரம் உனக்கும் அந்தக் கண் போய்விடும். உன் முதல் கமிட் (பதிவுசெய்யும் மாற்றம்) அந்தத் திருத்தமாகவே இருக்கட்டும். வெறும் லேப்டாப்பில் தொடங்கி டெஸ்ட் எல்லாம் ஓடுகிற வரைக்கும் அரை நாளுக்குமேல் ஆனால், அடுத்து வருகிற ஆளுக்காக அதைக் குறைப்பதே நல்ல முதல் வேலை.

பழைய கோடை (புரோகிராம் வரிகளை) பார்த்து "இதை யார் எழுதினது" என்று சத்தமாகக் கேட்காதே. எழுதியவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் ஃபவுண்டராக இருப்பார். அசிங்கமாக இருக்கும் ஒரு இஃப் (நிபந்தனை) வரிக்குப் பின்னால் ஏதோ ஒரு கஸ்டமரின் விசித்திரமான டேட்டா இருக்கும். நீக்குவதற்கு முன்பு, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று பார்த்து, அங்கேயும் காரணம் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஒரு வரிக் குறிப்பாக அங்கேயே போட்டுவிடு.

ரிவ்யூவுக்கு (இன்னொருவர் படித்துச் சரிபார்க்க) அனுப்பும் மாற்றம் 200 வரி, அதிகம் போனால் 400 வரிக்குள் இருக்கட்டும். உன் கோடைப் படிக்க அங்கே ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களுக்கும் சொந்த வேலை கழுத்துவரை இருக்கும். 1,500 வரியை நீட்டினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று அடித்து அனுப்பிவிடுவார்கள். அது ரிவ்யூவே இல்லை. பெயர் மாற்றுவது, இடைவெளி சரிசெய்வது போன்றவற்றைத் தனியாக அனுப்பு. நடத்தையை மாற்றும் வரிகளோடு கலக்காதே. அனுப்பும் மாற்றத்தின் மேலே நான்கு விஷயம் எழுது: என்ன மாறியது, ஏன், எப்படிச் சோதித்தாய், தப்பானால் எப்படித் திரும்பப் பெறுவது. நான்காவதை எழுத முடியவில்லையென்றால் அந்த மாற்றம் இன்னும் தயாராகவில்லை.

டேட்டாபேஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், சின்ன டீம்கள் அதிகம் அடிபடும் இடம் அது. டேபிளில் ஒரு காலத்தின் (column, அதாவது நெடுவரிசையின்) பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள். ஒரே கமாண்டில் முடியும், முடித்துவிடத் தோன்றும். ஆனால் டிப்ளாய் ஆகும் (புதிய கோடு சர்வருக்குப் போகும்) சில நிமிடங்களுக்குப் பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்தே ஓடும். பழையது பழைய பெயரைத் தேடி எரர் அடிக்கும். அதனால் முதலில் புதிய காலத்தைச் சேர்த்துவிட்டு, கோடு இரண்டிலும் எழுதும்படி செய். பிறகு பழைய வரிசைகளை ஆயிரம் ஆயிரமாகப் புதிய காலத்துக்கு நகலெடு. மொத்தமாக ஒரே அப்டேட்டில் செய்தால் நீண்ட நேரம் பூட்டு (லாக்) விழுந்து மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள். பிறகு படிப்பதைப் புதியதற்கு மாற்று. ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தபின், பழைய காலத்தில் எழுதுவதை நிறுத்தும் கோடை அனுப்பு. காலத்தை நீக்குவது அதற்கும் அடுத்த டிப்ளாயில். ஒரு பெயரை மாற்ற ஐந்து டிப்ளாயா என்று தோன்றும். ஆமாம், ஐந்துதான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுவதும் இப்படித்தான்: சாதாரணமாகப் போட்டால் முடிகிற வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது, கன்கரன்ட்லி என்று சேர்த்துப் போட்டால் எழுதுவது தடைபடாது, நேரம் மட்டும் கூடும். உன் லேப்டாப்பில் 500 வரிசை டேபிளில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிப்ளாய் செய்யாதே. செய்தபின் ஒரு மணி நேரமாவது எரர் லாகை (பிழைப் பதிவை) பார்த்துக்கொண்டிரு.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேள். 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் கோடைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், இரண்டாம்நிலை (நகல்) டேட்டாபேஸ் சர்வரில் போட நினைத்த அழிப்புக் கமாண்டை முதன்மை சர்வரில் போட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நகல் எடுக்க அவர்களிடம் பல ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்கப்போ, டேட்டாபேஸின் வெர்ஷனும் பேக்கப் எடுக்கும் கருவியின் வெர்ஷனும் பொருந்தாமல் ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் நிராகரித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து முழு நகல்) காப்பாற்றியது. ஆறு மணி நேர டேட்டா போயே போய்விட்டது. ஆனால் அவர்கள் அந்த இன்ஜினியரைப் பலியாக்கவில்லை. எது எது எப்படிச் சறுக்கியது என்று நேரவாரியாக எழுதி வெளியிட்டார்கள். உங்கள் இடத்தில் ஏதாவது விழுந்தால் நீயும் அப்படித்தான் எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, ஏன் முன்னாடியே தெரியவில்லை, இனி எது மாறும். "கவனமாக இருப்போம்" என்பது மாற்றம் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் தனி சர்வரில் ஏற்றி, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துவைக்கச் சொல். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் நீயே எடுத்துக்கொள், ஆனால் இரண்டாவது தடவை வேறு ஒருவர் செய்யட்டும்.

இன்னொரு பட்டியல் வேண்டும், அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். டொமைன் (வெப்சைட்டின் பெயர்) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? கிளவுட் பில்லுக்கு யாருடைய கார்டு, அது எந்த மாதம் காலாவதியாகிறது? மொபைல் ஆப் ஸ்டோர் கணக்கு யாருடையது? வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது? இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ்கள் பலவும் 90 நாளுக்கானவை. அதைத் தானாகப் புதுப்பிக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் கமாண்ட்) யாரோ ஒருவருடைய சொந்த லாகினில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வேலையை விட்டுப் போவார், முறைப்படி லாகினை நீக்குவார்கள். அன்று ஒன்றும் ஆகாது. ஓரிரு மாதம் கழித்து ஒரு காலையில் கஸ்டமர்கள் எல்லோருக்கும் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். நினைவூட்டல் மின்னஞ்சல் ஏதாவது வந்திருந்தாலும் அது போனவருடைய பெட்டியில்தான் கிடக்கும். எனவே கணக்குகள் பொதுவான ஒரு கம்பெனி முகவரியில் இருக்க வேண்டும், பாஸ்வேர்டுகள் பகிர்ந்த பெட்டகத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் திறக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு தப்பித்தவறி கோடுக்குள் கமிட் ஆகிவிட்டால் அந்த வரியை அழிப்பது போதாது, வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்று, முதலில் அதைச் செய், பிறகு விளக்கம் சொல்.

சர்வரில் ஏதாவது பிரச்சினை என்று இரவில் அடிக்கும் அலாரத்துக்கு யார் எழுவது என்று சேரும்போதே கேட்டுக்கொள். நான்கு பேர் முறைவைத்தால் நாலு வாரத்தில் ஒரு வாரம் உன்னுடையது. இரவு எழுந்தவர் மறுநாள் தாமதமாக வரலாம் என்பது வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். அலாரம் அடித்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்த அலாரத்தை எடுத்துவிடு. அடிக்கடி பொய்யாக அடிக்கும் அலாரத்தை மனசு கேட்காமல் பழகிக்கொள்ளும், அப்புறம் நிஜமானதும் காதில் விழாது. சேல்ஸில் இருப்பவர் கஸ்டமரிடம் சர்வர் 99.99 சதவீத நேரம் ஓடும் என்று சொல்லிவிட்டு வருவார். 99.9 என்றால் 30 நாளில் 43 நிமிடம் சர்வர் நிற்கலாம். இன்னொரு ஒன்பதைச் சேர்த்தால் நாலு நிமிடம் சொச்சம். தூக்கத்தில் எழுந்து லேப்டாப்பைத் திறக்கவே அதற்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைச் சண்டையாக இல்லாமல் கணக்காகவே அவரிடம் காட்டு.

ஃபவுண்டர் நேராக உன் மேஜைக்கு வந்து "சின்னதா ஒண்ணு" என்பார். பெரிய கஸ்டமர் கேட்டிருப்பார். வருமானத்தில் பாதி அந்த ஒரு கஸ்டமரிடமிருந்து வருகிறது என்றால் மறுப்பது கஷ்டம், நியாயமும் இல்லை. ஆனால் இது வேறு யாருக்காவது பயன்படுமா என்று கேள். யாருக்கும் இல்லையென்றால் அதற்கென்று தனி செட்டிங் ஒன்று கோடில் முளைக்கும், ஒவ்வொரு டெஸ்டும் இரண்டு மடங்காகும். செய்வதானாலும் டிக்கெட்டில் (வேலைப் பதிவில்) எழுதிவிட்டுச் செய். எதை ஒத்திவைத்தாய் என்பதையும் அதிலேயே எழுது. இரவு பதினொரு மணிக்கு வரும் மெசேஜுக்கு, எதுவும் விழுந்துவிடவில்லையென்றால், காலையில் பதில் சொல்லலாம். முதல் மாதம் நீ எப்படிப் பதில் சொல்கிறாயோ அதுதான் உன் வேலை நேரம் என்று ஆகிவிடும்.

வாரம் இரண்டு மணி நேரமாவது கஸ்டமர்கள் அனுப்பும் சப்போர்ட் டிக்கெட்டுகளுக்கு நீயே பதில் எழுது. ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால் தப்பு ஸ்கிரீனில்தான், கேட்டவர்களிடம் இல்லை.

"இங்க நாம எல்லாம் ஒரு குடும்பம்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். உன் குடும்பம் சார்பில் சொல்கிறேன்: நாங்கள் உன்னை வேலையைவிட்டு எடுக்க முடியாது. அவர்களால் முடியும், சில நேரம் எடுத்தே ஆக வேண்டியும் வரும். எனவே கம்பெனியின் கையில் இருக்கும் பணத்தை மாதம் போகும் நிகரச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் வருகிறது என்று கேள். கேட்கக் கூச்சப்படாதே. நல்ல ஃபவுண்டர் எண்ணைச் சொல்வார். சம்பளத்தைக் குறைத்துப் பங்கு ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) தருவதாகச் சொன்னால், எத்தனை ஆப்ஷன் என்பதோடு, மொத்தம் எத்தனை பங்கு என்பதையும் கேள். மொத்தம் தெரியாத எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. ஆப்ஷன் முழுவதும் உனக்குச் சேர, பரவலாக இருக்கும் ஏற்பாடு நான்கு வருடம், முதல் வருடம் முடிந்தால்தான் முதல் கால்பங்கு. பதினோராம் மாதம் விலகினால் ஒன்றுமே கிடையாது. விலகியபின் பணம் கட்டி ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள் என்றும் பார், பல ஒப்பந்தங்களில் 90 நாள்தான். மாதச் செலவுக்கு அந்தச் சம்பளம் மட்டுமே போதுமா என்று கணக்குப் போட்டு முடிவெடு; ஆப்ஷனைப் பூஜ்யமாக வைத்துக்கொள்.

ஆறாம் மாதம் இரண்டு வாரம் லீவு எடு. இப்போதே தேதி சொல்லிவிடு. கிளம்பும் முந்தைய வாரம் உன் வேலைகள் எல்லாவற்றையும் வேறு ஒருவர், நீ எழுதிவைத்ததை மட்டும் பார்த்து, ஒரு தடவை செய்து காட்டட்டும். நீ வாயைத் திறக்காதே. அவர் எங்கெங்கே நின்று உன்னைத் திரும்பிப் பார்க்கிறாரோ அதையெல்லாம் குறித்துக்கொண்டு, அன்று மாலையே எழுதிச் சேர்த்துவிடு.

அந்த இரண்டு வாரமும் இங்கே வந்து இரு. லேப்டாப்பைக் கொண்டுவராதே.

அன்புடன்,
அம்மா