ஓசேஜ் பயணம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாம் போவது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் பழங்குடி மக்கள் வாழும் பகுதிக்கு. முதல் நாள் அவர்களின் தலைநகர் பாஹஸ்கா. 1938-இல் திறந்த ஓசேஜ் நேஷன் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஓசேஜ் நிலத்தடிக் கச்சா எண்ணெய் வருமானத்தில் 1906 சட்டப்படி பங்கு பெற்றவர்கள் 2,229 பேர். அந்தப் பங்குக்காகத்தான் 1920-களில் ஓசேஜ் மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாம் நாள் வடக்கே, உயரமான புல் வளரும் டால்கிராஸ் புல்வெளிக் காப்பகம். டேங்கை ஊரிலேயே நிரப்புங்கள். உள்ளே பங்க் கிடையாது, சிக்னலும் விட்டுவிட்டுத்தான். சரளைச் சாலையில் கூரான கல் டயரைக் கிழிக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கல்தான் ஏரைத் தடுத்து இத்தனை புல்லையும் காப்பாற்றியது. 1993-இல் 300 பைசன்களை (அமெரிக்கக் காட்டெருமைகளை) இங்கே விட்டார்கள். இப்போது 2,000-க்கு மேல். வால் நிமிர்ந்தால் அதற்குக் கோபம். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். நிலம் கரிந்து கிடந்தால் பதறாதீர்கள், திட்டமிட்டு எரிப்பதுதான். புதுத் துளிர் மேய பைசன் அங்கேதான் வரும்.

மூன்றாம் நாள் ஃபேர்ஃபாக்ஸ் ஊரும், அந்தக் கொலைகளில் இறந்த சிலர் புதைக்கப்பட்ட கிரே ஹார்ஸ் கல்லறைத் தோட்டமும். இன்றும் குடும்பங்கள் வந்துபோகும் இடம். மெல்லப் பேசுங்கள்; கல்லறை அருகே செல்ஃபி எடுக்காதீர்கள்.