ஆனைக்கொம்பன் ஈயும் அதன் உறவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெற்பயிரின் குருத்தைக் குழலாக்கிவிடும் ஆனைக்கொம்பன் ஈ பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை உழவர்களுக்குப் பயன்படக்கூடியது. ஆயினும், வரப்பிலுள்ள அருகம்புல்லில் தோன்றும் கொம்பு போன்ற குழலுக்கும் நெல்லைத் தாக்கும் ஈயே காரணம் என்று அதில் எழுதியிருப்பது சரியன்று. நெல்லைத் தாக்குவது ஒர்சியோலியா ஒரைசே. அருகம்புல்லில் வாழ்வது ஒர்சியோலியா சைனோடோன்டிஸ். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையாயினும் இவை வெவ்வேறு இனங்கள்.

கொசுவைப்போல் மெலிந்து, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த ஈக்களை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆண் ஈயின் உணர்கொம்பில் வளையங்களாகச் சுற்றியிருக்கும் நுண்ணிழைகள், இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, முதிர்ந்த புழுவின் மார்புக்கு அடியிலுள்ள தடித்த தகடு, குழலைத் துளைத்து வெளிவரக் கூட்டுப்புழுவுக்கு உதவும் முட்கள் ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தை உறுதிசெய்கிறார்கள்.

6,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ள, இந்த ஈக்கள் அடங்கிய செசிடோமையிடே குடும்பத்தின் தொன்மையான கிளைகள் இன்றும் பூஞ்சையையும் மட்கிய மரத்தையும் சார்ந்தே வாழ்கின்றன. அவற்றுக்குத் தலையில் கூட்டுக்கண்களைத் தவிரத் தனிக்கண்கள் என்னும் சிறு எளிய கண்களும் உண்டு. பாதத்தின் முதற்கணுவும் நீண்டது. பிற்காலக் கிளைகளிலோ தனிக்கண்கள் மறைந்து, அக்கணு மிகவும் குறுகிவிட்டது. தாவரங்களில் இக்குழல் போன்ற முடிச்சுகளை உண்டாக்கும் ஈக்கள் இப்பிற்காலக் கிளைகளுள் ஒன்றில்தான் தோன்றின. ஒரு பூச்சியின் காற்கணுவிலும் அதன் குலவரலாறு பதிந்திருப்பது எனக்கு இன்றும் பெருவியப்பு.

இதை ஏட்டளவிலான பாகுபாடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆப்பிரிக்க நெல் வயல்களில் இருந்ததும் நம் ஆனைக்கொம்பனே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1982-இல்தான் ஹாரிஸ், காக்னே என்னும் பூச்சியியலாளர் இருவரும் அதை ஒர்சியோலியா ஒரைசிவோரா என்னும் தனி இனமாகப் பிரித்தனர். ஆசியாவில் எதிர்ப்புத்திறன் காட்டிய நெல் இரகங்கள் பல அங்கே பலன் தராததும், அந்த ஈயைத் தாக்கி அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி வேறாக இருப்பதும் அதன்பின் தெளிவாக விளங்கின.

உருவ ஆய்வு மட்டும் எல்லாவற்றுக்கும் விடைதராது என்பதும் உண்மை. நம் நாட்டில் அறியப்பட்ட ஆனைக்கொம்பன் உயிரிவகைகள், அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள பிரிவுகள், தோற்றத்தில் வேறுபடுவதில்லை; எந்தெந்த நெல் இரகத்தைத் தாக்குகின்றன என்பதைக்கொண்டே அவற்றைப் பிரிக்கிறார்கள். மரபணு ஆய்வு இங்கே துணைநிற்கிறது.

எனவே, இத்தகைய கட்டுரைகளில் குழலின் படத்தோடு நிறுத்திவிடாமல், புழு, ஈ ஆகியவற்றின் படங்களையும், எந்தப் பயிரில் அல்லது புல்லில் எடுக்கப்பட்டவை என்ற குறிப்பையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூச்சியியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.