10,000 ரூபாய்க்குள் ஒரு மெஷின்

அம்மிணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவைப் பெற்ற அமுச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழா நல்லபடியாக நடந்தது. நீங்கள் வருவீர்கள் என்று உங்கம்மா அரிசி ஊறப் போட்டிருந்தாள். சரி, அதை விடு.

"அப்பா, வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வேணும், 10,000 ரூபாய்க்குள்ளே எது நல்லாருக்கும்?" என்று போனில் அனுப்பியிருந்தாய். பதில் சொல்ல மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும். இருக்கிறதல்லவா? அதனால்தான் இந்தக் கடிதாசி.

எதைத் தைக்கப் போகிறாய் என்று முதலில் எழுது. சுடிதார் ஓரம் மடிக்க, ஜன்னலுக்குத் திரை தைக்க என்றால் வீட்டு எலெக்ட்ரிக் மெஷினே போதும். தூக்கிப் பார், கனமாக இருப்பதை எடு. உள்ளே இரும்புச் சட்டம் இருந்தால் மேசையில் ஆடாது. இருபது முப்பது டிசைன் போடும் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். நேர்த்தையலும், வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாகும் தவிர மற்றதையெல்லாம் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு மறந்துவிடுவாய். ஜிக்ஜாக் கட்டாயம் இருக்கட்டும். பனியன் துணிக்கு நேர்த்தையல் போட்டால், இழுக்கும்போது நூல் பட்டென்று அறும். அந்தத் துணிக்கு முனை மழுங்கின ஊசி கேட்டு வாங்கு, கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை விடும். தவணையில் வாங்காதே.

அதுவே நாளெல்லாம் உட்கார்ந்து ஊராருக்கு ஜாக்கெட் தைப்பதென்றால் கதை வேறு. வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 700, 800 தையல் ஓடும், விடாமல் ஓட்டினால் மோட்டார் சுடும். திருப்பூரில் சிங்கர் டைலர் என்கிறார்களே, அவர்கள் ஓட்டுகிற பவர் மெஷின் 4,000, 5,000 ஓடும். ஆனால் நேர்த்தையல் ஒன்றுதான். கைமாறின மெஷின் அங்கே கிடைக்கும். வாங்கினால் சர்வோ மோட்டாராகப் பார், தைக்கும்போது மட்டும்தான் அது சுற்றும். கிளட்ச் மோட்டார் நீ தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரண்டைத் தின்னும். சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஊசியும் வேறு. வீட்டு ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றை மற்றதில் மாட்டப் பார்க்காதே.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பாய். நீ விலை சொல்லிப் பொருள் கேட்டு நான் பார்த்ததில்லை அம்மிணி, அதனால் எழுதினேன். உங்கம்மாவுக்குப் புடவை எடுத்தால்கூட விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தானே கொடுப்பாய்.

மெஷின் வந்தாலும் கைத்தையலை விடாதே. மெஷினில் மேல்நூலும், கீழே சின்னக் கண்டில் சுற்றி வைக்கிற பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். உறுதிதான், வேகம்தான். ஆனால் பட்டில் மெஷின் ஊசி தப்பாக இறங்கினால், பிரித்த பிறகும் பொட்டுப் பொட்டாக ஓட்டை நிற்கும். சேலைக்கு ஃபால் வைக்க, ஹூக் கட்ட, ஜாக்கெட் ஹெம்மிங்குக்கு எல்லாம் கைதான். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதே, முடிச்சு விழும். 1978இல் நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பையனாகச் சேர்ந்தபோது ஒரு வருஷம் மெஷின் பக்கமே விடவில்லை. காஜா, ஹெம்மிங், பட்டன், மறுபடி காஜா. நீ ஏழாவது படிக்கும்போது கடைப் படியில் உட்கார்ந்து ஹெம்மிங் போட்டாயே, அதை டீச்சரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நூல் எங்கே போச்சு என்று கேட்டார்கள். துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுப்பாய். எனக்கே அப்படி வராது. அதை அன்றைக்கு உன்னிடம் நான் சொல்லவில்லை.

சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. பன்னிரண்டாவது லீவில், கால்மெஷின் பெல்ட்டை எலி கடித்துவிட்டது என்று சொன்னேனே, எலி கடிக்கவில்லை. நான்தான் கழற்றினேன். முதலிபாளையத்து நிஃப்ட்-டீ ஃபேஷன் காலேஜ் விண்ணப்பத்தை நீ மேசைமேல் வைத்திருந்தாய். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தாய். எனக்குப் பயமாகிவிட்டது. குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தது என்னோடு போகட்டும் என்று பெல்ட்டைச் சுருட்டிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டேன். மறுநாள் நீ மெஷினைத் திறந்து, சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடினாய். எலிப்பொறி வைக்கலாமா அப்பா என்று கேட்டாய். வைத்தோம். ஒரு வாரம் தேங்காய்ச் சில்லு அப்படியே காய்ந்து கிடந்தது. நீ இன்ஜினியரிங் போனாய். நன்றாகத்தான் படித்தாய், அதில் எனக்குக் குறையில்லை.

அந்தப் பெல்ட்டைப் போன வாரம் எடுத்தேன், விறைத்து ஒடிகிறது. புதுசு வாங்கி, கொக்கி அடித்து மாட்டிவிட்டேன். எண்ணெய் விட்டு ஓட்டினால் ஓடுகிறது. அதனால் 10,000 ரூபாயை இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள். மெஷின் தலையை மட்டும் கழற்றிப் பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடலாம், அங்கே மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். இல்லை, நீயே வந்தும் எடுத்துப் போகலாம். வந்தால் நாலு நாள் இரு. நாற்பது நாள் என்றாலும் சரி. ஏன், எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். உங்கம்மாவையும் கேட்க விட மாட்டேன்.

தவணையில் மட்டும் வாங்கிவிடாதே.

அப்பா

பி.கு.: தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டைத்துணி இன்னும் வெட்டாமல் இருக்கிறது. அவருடைய அளவுச் சட்டை ஒன்று வீட்டில் இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் பரவாயில்லை, இரண்டரை மீட்டர் இருக்கிறது, உனக்கு ஒரு டாப்ஸ் வரும்.